மாவிலைக் கரியில் ஓர் ஒளி!

கிருஷ்ணகிரியில் மாமரத்துக்குப் பஞ்சமில்லை. ஊரைத் தாண்டினால் மாந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் மாம்பழக் கூழ் ஆலை. ஆண்டுதோறும் மாங்கனிக் கண்காட்சி நடக்கும் ஊர் அது.

பழத்தை வெளிநாட்டுக்காரனும் வாங்குகிறான். இலையை யார் வாங்குகிறார்கள்?

பண்டிகை வந்தால் நாலு கொத்து பறித்து, வாசலில் தோரணம் கட்டுவார்கள். கலசத்தில் வைப்பார்கள். மற்ற நாளில் இலை உதிரும். சருகாகும். குப்பையில் சேரும்.

அந்த மாவிலையை வைத்து விளக்கேற்றி விட்டார்கள் விஞ்ஞானிகள்!

திரி போட்டு எரிக்கிற விளக்கு அல்ல. கண்ணுக்குத் தெரியாத விளக்கு. உடம்பில் உள்ள உயிரணுவுக்கு உள்ளேயே நுழைந்து, சிவப்பாக ஒளி வீசும் விளக்கு!

இலை என்ன ஆயிற்று?

பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ரோகித் ஸ்ரீவத்சவாவின் ஆராய்ச்சிக் குழு இதைச் செய்தது. 2017ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது.

செய்முறையைக் கேட்டால் "இவ்வளவுதானா?" என்பீர்கள்.

மாவிலையைப் பொடிப்பொடியாக நறுக்கினார்கள். ஆல்கஹாலில் போட்டுச் சத்தை இறக்கினார்கள். சக்கையை நீக்கி, ஆல்கஹாலை ஆவியாக்கினார்கள். மிஞ்சியதை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சூடாக்கினார்கள்.

கிடைத்தது என்ன? கரித் துணுக்குகள்! ஒவ்வொரு துணுக்கும் 2 முதல் 8 நானோமீட்டர் அளவு.

நானோமீட்டர் என்றால் என்ன? பள்ளிக்கூடத்து அடிக்கோலை எடுங்கள். அதில் மிகச் சிறிய கோடு 1 மில்லிமீட்டர். அதைப் 10 லட்சம் பங்கு போடுங்கள். ஒரு பங்கு, 1 நானோமீட்டர். உங்கள் தலைமயிர் ஒன்றின் தடிமனே சுமார் 80 ஆயிரம் நானோமீட்டர்!

இந்தத் துணுக்குகளை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களோடு சேர்த்தார்கள். உயிரணுக்கள் அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டன. ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, உயிரணுக்கள் சிவப்பாகத் தெரிந்தன. சூடு ஏறினால் அந்த ஒளியின் அளவு மாறியது. ஆகவே அதை வைத்து உயிரணுவுக்கு உள்ளே எவ்வளவு சூடு என்றும் அளக்கலாம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் போல, ஓர் உயிரணுவுக்கு ஒரு தெர்மாமீட்டர்!

மாவிலைக்கு மட்டும் இந்த யோகம் அடிக்கவில்லை. 2012ஆம் ஆண்டில் ஒடிசாவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் ஆரஞ்சுச் சாற்றிலிருந்து இதே போன்ற கரிப்புள்ளிகளைச் செய்தார்கள். அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தார் 2007ஆம் ஆண்டில் மெழுகுவர்த்திப் புகையிலேயே எடுத்துவிட்டார்கள்! சுவரில் படிந்தால் சுண்ணாம்பு அடித்து மறைக்கிறோமே, அந்தப் புகைக்கரிதான்.

கரிக்கு இந்தக் குணம் ஏன்?

பென்சிலில் உள்ளது கரி. வைரமும் கரி. அடுப்பங்கரைச் சுவரில் இருப்பதும் கரி. பொருள் ஒன்றுதான். அணுக்கள் அடுக்கி இருக்கும் முறைதான் வேறு.

அடுக்கு மட்டும் அல்ல. அளவு குறைந்தாலும் குணம் மாறிவிடுகிறது.

புல்லாங்குழலைப் பாருங்கள். நீளமான குழலில் காற்று அடைபட்டால் தடித்த ஓசை வருகிறது. குட்டையான குழலில் கீச்சென்ற ஓசை வருகிறது. காற்று அதே காற்றுதான். அடைபட்ட இடம் சிறியது.

கரித் துணுக்கிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அதற்குள் எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. பெரிய கரிக்கட்டியில் அவை இஷ்டம் போல ஓடும். நாலைந்து நானோமீட்டர் அளவுள்ள துணுக்கில் அவை அடைபட்டுவிடும். அப்போது அவை வாங்கிய ஒளியை, வேறு நிறத்தில் திருப்பிக் கொடுக்கும். துணுக்கின் அளவு மாறினால் நிறமும் மாறக்கூடும். துணுக்கின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மற்ற அணுக்களும் நிறத்தை மாற்றும்.

கடைகளில் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க ஊதா விளக்கு வைத்திருப்பார்கள். நல்ல நோட்டைக் காட்டினால் சில இழைகள் பளிச்சென்று மின்னும். அதைப் போன்றதுதான் இதுவும்.

இந்தக் கரிப்புள்ளிகள் முதன்முதலில் 2004ஆம் ஆண்டில், தற்செயலாக அகப்பட்டன! அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் சிலர் வேறு வகைக் கரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கழித்துவிட வேண்டிய பகுதி மினுமினுத்தது. "இது என்ன?" என்று பார்த்தார்கள். ஒரு புதிய துறையே பிறந்துவிட்டது.

உள்ளங்கையில் டார்ச்

நிறங்கள் பல இருக்க, சிவப்பு ஒளிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

இன்று இரவு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடியுங்கள். குழந்தைகளுக்கும் காட்டுங்கள். விரல்கள் செக்கச் செவேல் என்று தெரியும். டார்ச்சின் வெள்ளை ஒளியில் எல்லா நிறமும் உண்டு. நீலத்தையும் பச்சையையும் ரத்தமும் தசையும் விழுங்கிவிடுகின்றன. சிவப்புதான் தப்பி வெளியே வருகிறது.

உடம்புக்குள் ஒளிரும் புள்ளி நீலமாக இருந்தால், அது உள்ளேயே அமுங்கிப்போகும். சிவப்பாக இருந்தால் வெளியிலிருந்து காண வழி உண்டு. புற்றுநோய் உள்ள இடத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும்படி அந்தப் புள்ளியைச் செய்துவிட்டால்? அறுத்துப் பார்க்காமலே இடம் தெரியும். இதுதான் விஞ்ஞானிகளின் ஆசை.

ஆனால் ஒரு சங்கடம். இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்துக்கே, ஊதா ஒளியில் சிவப்பாக ஒளிரும் குணம் உண்டு. இலையிலிருந்து கரி செய்தால், ஒளிர்வது கரியா, மிஞ்சிப்போன பச்சையமா? இதைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். இலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு தீராத தலைவலி.

ஓசூர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்

அப்படியானால் மாவிலைக் கரி எப்போது ஆஸ்பத்திரிக்கு வரும்?

இங்கேதான் முட்டுக்கட்டை. அதை ஓசூர்த் தொழிலாளியிடம் சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்.

ஓசூரில் கைக்கடிகாரம் செய்கிறார்கள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். லாரி செய்கிறார்கள். ஒரு பல்சக்கரத்தைச் செய்வது பெரிய காரியம் அல்ல. ஆயிரம் பல்சக்கரங்களை அச்சு மாறாமல் செய்வதுதான் காரியம். ஒன்று மயிரிழை பெருத்தாலும் கடிகாரம் நின்றுவிடும். அதைக் கழித்துக் கட்டுவதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள்.

கரித் துணுக்கிலும் அதே கதை. செய்வது எளிது. ஒரே மாதிரி செய்வது கடினம்!

சித்திரையில் பறித்த இலையும் ஐப்பசியில் பறித்த இலையும் ஒன்றா? கொழுந்தும் முற்றலும் ஒன்றா? செம்மண் தோப்பும் கரிசல் தோப்பும் ஒன்றா? இலை மாறினால் சத்து மாறும். சத்து மாறினால் துணுக்கு மாறும்.

மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

உடம்புக்குள் போனது வெளியே வந்தாக வேண்டும். நம் சிறுநீரகம் ஒரு சல்லடை. அதன் கண்கள் மிக மிகச் சிறியவை. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலிகளுக்கு ஒளிரும் நானோ துணுக்குகளை ஊசி வழியே செலுத்திப் பார்த்தார்கள். அவை வேறு பொருளால் ஆனவை. ஆனால் அளவுக் கணக்கு தெரிந்துவிட்டது. சுமார் 5.5 நானோமீட்டருக்குக் குறைந்தவை சல்லடையில் இறங்கி, சிறுநீரோடு போய்விட்டன. அதைவிடப் பெரியவை அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. உடம்பிலேயே தங்கின.

மாவிலைத் துணுக்கின் அளவை மறுபடி பாருங்கள். 2 முதல் 8 வரை! சின்னது போய்விடும். பெரியது என்ன செய்யும்? கல்லீரலில் உட்கார்ந்துகொண்டால்? ஒரு மாதம் இருக்குமா, ஒரு வருஷம் இருக்குமா? அங்கே இருந்துகொண்டு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா?

ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் உயிரணு ஒரு நாள் சாகாமல் இருந்தது என்பதை வைத்து, மனிதனுக்கு ஊசி போட முடியாது. தட்டில் கல்லீரல் இல்லை. சிறுநீரகம் இல்லை.

இன்னொன்று. "மாவிலைக்கு விலை வந்துவிடும், தோப்புக்காரருக்கு யோகம்" என்று சிலர் நினைக்கலாம். அதற்கு வழி குறைவு. ஒளிரும் துணுக்கு சிறு சிறு அளவில்தான் தேவைப்படும். ஒரு மரத்தின் இலையே வெகு காலத்துக்குப் போதும்! இதில் மதிப்பு இலைக்கு அல்ல. அதைப் பிரித்து, அளந்து, சோதித்துப் பார்க்கிற மூளைக்கும் கைக்கும்தான்.

பாட்டி கையில் பச்சை

கரி உடம்புக்குள் போவதே ஆகாதா? அப்படியும் சொல்ல முடியாது.

கிராமத்துப் பாட்டிமார் கையைப் பாருங்கள். கோலமும் தேளுமாகப் பச்சை குத்தியிருக்கும். விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றில் குழைத்து, ஊசியால் குத்திய பச்சை. பத்து வயதில் குத்தியது எண்பது வயதிலும் அழியவில்லை.

தோலில் போன கரி முழுவதும் தோலிலேயே நிற்பதில்லை. 2017ஆம் ஆண்டில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஆராய்ந்து பார்த்தார்கள். பச்சை குத்திய மையின் நுண்துகள்கள், பக்கத்தில் உள்ள நிணநீர்க் கணுக்களில் போய்த் தங்கியிருந்தன. கழுத்திலும் அக்குளிலும் "நெறி கட்டியிருக்கிறது" என்று சொல்வோமே, அந்தக் கணுக்கள்தான்.

இந்தக் குணத்தையே சீனாவில் வைத்தியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வந்தால், அது முதலில் பக்கத்துக் கணுக்களுக்குப் பரவும். டாக்டர் அந்தக் கணுக்களைத் தேடி எடுக்க வேண்டும். சதைக்குள் அவை எளிதில் கண்ணுக்குப் புலப்படா. ஆகவே அறுவையின்போது, கரி நானோ துகள் கலந்த மருந்தைச் சுரப்பியில் ஊசியால் ஏற்றுகிறார்கள். சில நிமிடங்களில் கணுக்கள் மட்டும் கறுத்துப்போகின்றன!

துகளின் அளவு சுமார் 150 நானோமீட்டர். ரத்தத் தந்துகிகளின் இடுக்கில் அது நுழையாது. நிணநீர்க் குழாயின் இடுக்கில் நுழையும். ஆகவே ரத்தத்தில் கலக்காமல், நேரே கணுவுக்குப் போகிறது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தைராய்டுக்குப் பின்னால் பயறு போல நாலு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பவை அவை. தவறி அவற்றை வெட்டிவிட்டால் நோயாளிக்குக் கை கால் இழுக்கும். கரி அவற்றில் ஏறுவதில்லை. சுற்றிலும் கறுப்பு, நடுவே இவை மட்டும் நிறம் மாறாமல் நிற்கும். டாக்டர் பார்த்து ஒதுக்கிவிடலாம்.

ஒளி வீசும் கரி இன்னும் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறது. வெறும் கறுப்புக் கரி அறுவை மேஜைக்கே வந்துவிட்டது. வேடிக்கைதான்!

கத்திக்குள் குழாய்

கரியை இன்னொரு விதமாகவும் அடுக்கலாம். பாயைச் சுருட்டுவது போல, அணு அடுக்கைச் சுருட்டிக் குழாயாக்கலாம். அதுதான் கரி நானோ குழாய். அதன் குறுக்களவு சில நானோமீட்டர்தான். எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு உறுதி. 1991ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா அதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டினார்.

இதைக் கற்பூரத்திலும் செய்திருக்கிறார்கள்! முகுல் குமார் என்ற இந்தியரும், ஆண்டோ என்ற ஜப்பானியரும் 2003ஆம் ஆண்டில் கற்பூர ஆவியிலிருந்து வரிசை வரிசையாக நானோ குழாய்களை வளர்த்துக் காட்டினார்கள். கோயிலில் ஏற்றுகிற கற்பூரம் காற்றில் எரிகிறது, புகைக்கரி விடுகிறது. ஆய்வுக்கூடத்தில் காற்றுப் படாமல் சூடாக்கி, இரும்புத் துகளை உதவிக்கு வைத்தால், அதே கரி குழாயாக வளர்கிறது.

இரும்பும் கரியும் சேர்ந்தால் குழாய் வளரும் என்ற இந்தச் செய்தி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்குப் பழைய உறவு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறை என்று ஓர் ஊர். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்து எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ஆம் ஆண்டில் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இரும்பு! அதன் பிறகு 2025ஆம் ஆண்டில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இன்னும் பழமையானது என்ற அறிவிப்பு வந்தது.

இந்த மாவட்டம் 1965 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. சேலத்து உருக்கைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். களிமண் குகையில் இரும்புத் துண்டுகளைப் போடுவார்களாம். அதோடு காய்ந்த ஆவாரங்குச்சியைப் போடுவார்களாம். மேலே எருக்க இலையை மூடி, மண் பூசி, உலையில் வைத்து ஊதுவார்களாம். குச்சியும் இலையும் கரியாகி, இரும்பில் கலந்து, உருக்கு ஆகும். நாம் உருக்கு என்கிறோம். எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் உக்கு என்கிறார்கள். வெள்ளைக்காரன் வாயில் அது "ஊட்ஸ்" ஆயிற்று.

தென்னாட்டு உருக்குக் கட்டிகள் கப்பல் ஏறின. மேற்கு ஆசியாவில் டமாஸ்கஸ் வாள்கள் ஆயின. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படி ஒரு வாளிலிருந்து சிறு துண்டு எடுத்து, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துப் பேராசிரியர் பீட்டர் பாஃப்ளர் குழுவினர் அமிலத்தில் கரைத்துப் பார்த்தார்கள். இரும்பு கரைந்தது. மிஞ்சி நின்றவற்றில் கரி நானோ குழாய்கள்! இது 2006ஆம் ஆண்டில் வெளியான செய்தி.

கீழடியிலும் ஒரு வியப்பு. அங்கே கிடைத்த பானை ஓடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் கரி நானோ குழாய்கள் இருப்பதை, வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களுமாகச் சேர்ந்து 2020ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். ஓடுகளின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு.

இதைச் சொன்னதும், "நம் முன்னோருக்கு நானோ விஞ்ஞானம் தெரியும்" என்று மேடையில் முழங்க ஆள் வந்துவிடுவார்கள். அது சரியல்ல. குயவர் நல்ல பானை செய்தார். கொல்லர் நல்ல உருக்குச் செய்தார். குழாய் தானாக வளர்ந்தது. கண்ணுக்குத் தெரியாததை அவர்கள் தெரிந்து செய்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாமலே இவ்வளவு நன்றாகச் செய்தார்களே, அந்தக் கைப்பழக்கத்துக்கே பெருமை போதும்.

மூச்சில் போனால்?

வாளுக்குள் இருக்கும் குழாய் யாரையும் ஒன்றும் செய்யாது. டயருக்குள் இருக்கும் கரியும் அப்படித்தான். ஓசூரில் செய்யும் வண்டிகளின் டயர் ஏன் கறுப்பு? எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரித்துகள். அதுவும் நானோ அளவுத் துகள்தான்! ரப்பரோடு இறுகிக் கிடப்பதால் அது பறப்பதில்லை.

பொடியாகப் பறந்தால்தான் வம்பு.

கல் குவாரித் தூசி என்ன செய்யும் என்று கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. நீண்ட கரிக் குழாய்களும் அப்படிச் செய்யக்கூடும் என்று 2008ஆம் ஆண்டில் எடின்பரோ விஞ்ஞானிகள் எலிகளில் கண்டார்கள். கல்நார் உண்டாக்குவது போன்ற வீக்கத்தையும் புண்ணையும் அவை உண்டாக்கின. குட்டையான, சிக்கலாகச் சுருண்ட குழாய்கள் அவ்வாறு செய்யவில்லை.

2014ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, ஒரு குறிப்பிட்ட வகைக் கரி நானோ குழாயை "மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. அதற்கு முன் 2013ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசின் தொழிலாளர் நல ஆராய்ச்சி நிலையம், வேலை செய்யும் இடத்தில் 1 கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் தூள் இருக்கக்கூடாது என்று யோசனை கூறியது. ஒரு மைக்ரோகிராம் என்பது, ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் வருகிற ஒரு பங்கு!

பாட்டரிகளிலும் பிளாஸ்டிக்கிலும் இந்தக் குழாய்த் தூளைக் கலக்கும் வழக்கம் உலகெங்கும் பெருகி வருகிறது. மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிற தொழிலாளியின் மூக்கில் நல்ல முகமூடி இருக்க வேண்டும். துணியை மடித்துக் கட்டினால் போதாது. நானோ தூளுக்குத் துணி ஒரு திறந்த வாசல்.

இப்போது எங்கே நிற்கிறது?

இந்தியாவில் நானோ மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2019ஆம் ஆண்டில் வழிகாட்டி விதிகளை வெளியிட்டது. அளவு என்ன, வடிவம் என்ன, உடம்பில் எங்கே போகிறது, எவ்வளவு நாள் தங்குகிறது, எப்படி வெளியேறுகிறது என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். முதலில் உயிரணு. பிறகு விலங்கு. அதற்குப் பிறகுதான் மனிதன்.

மாவிலைத் துணுக்கு முதல் படியில் உயிரணுச் சோதனையில் தேறியிருக்கிறது. நோயாளிக்குக் கொடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. ஆகவே "நானோ கரி" என்று பெயர் ஒட்டிய புட்டியைக் காட்டி யாராவது புற்றுநோய்க்கு மருந்து என்று விற்றால், பணத்தை எடுக்காதீர்கள். மாவிலையை அரைத்துக் குடித்தால் உடம்பு ஒளி வீசும் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஆல்கஹாலும் மைக்ரோவேவ் அடுப்பும் இல்லாமல் இலை இலைதான்.

பம்பாயில் இலை நறுக்கியாயிற்று. சிவப்பு ஒளியும் வந்தாயிற்று. இனி 2 முதல் 8 என்று கலந்து கிடப்பதில், 5.5க்குக் கீழே உள்ளதை மட்டும் பிரித்து எடுக்க வேண்டும். அடுத்த முறை வேறு மரத்து இலையில் செய்தாலும் அதே அளவு, அதே ஒளி வர வேண்டும்.